உலோகத்தின் நிழல்

மனித உடலினுள் உலோகத்தைப் பொருத்துவோர் ஒரு சாரார். அவ்வுடலினூடே கதிரைச் செலுத்துவோர் மற்றொரு சாரார். முன்னவர் என்பு முறிவுக்கும் மூட்டுத் தேய்வுக்கும் சத்திரசிகிச்சை செய்பவர்; பின்னவர் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிப்பவர். ஒரே வைத்தியசாலையின் வெவ்வேறு மாடிகளில் இவ்விரு சாராரும் பணியாற்றி வந்தபோதிலும், ஒருவர் செய்வது மற்றவரது கணிப்பை எவ்வாறு குழப்பும் எனச் சிந்திக்கவேண்டிய தேவை நெடுங்காலம் எழவில்லை. மூட்டு மாற்றப்பெற்றோர் அதன் பின்னரும் இருபது முப்பது ஆண்டுகள் வாழத் தலைப்பட்டமையும், முதுமையோடு கூடவரும் புற்றுநோய்கள் பெருகியமையும் சேர்ந்தே அவர்களை ஒரு நோயாளியின் உடலில் சந்திக்கச் செய்தன. கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோருள் நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரையினரின் உடலில் அச்சிகிச்சையைப் பாதிக்கத்தக்க செயற்கை உறுப்பு இருக்கக்கூடுமென அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கத்தின் 63 ஆம் பணிக்குழு 2003 இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. விகிதம் சிறிதாகத் தோன்றினும், பெரிய வைத்தியசாலையொன்றின் கதிர்ச்சிகிச்சைப் பகுதிக்கு அத்தகையோர் வாராத வாரமே இராது என்பது அதன் பொருளாகும்.

இவ்வுலோகங்கள் எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டன என்பதை முதற்கண் நோக்குதல் தகும். 1938 இல் பொஸ்ரன் நகரில் சிமித்-பீற்றர்சன் என்பார் கோபாற்று, குரோமியம் ஆகியவற்றின் கலப்புலோகத்தாலான கிண்ணமொன்றை இடுப்பு மூட்டினுள் வைத்தார். இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் ஜோன் சாண்லி 1962 நவம்பரில், தொடையென்பின் தலைக்குப் பதிலாக ஓர் உருக்குக் குண்டையும் அதனை ஏந்தப் பொலியெதிலீன் கிண்ணத்தையும் பொருத்தி, இன்றைய இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு அடியிட்டார். அவர் தெரிந்த குண்டின் விட்டம் சற்றேறக்குறைய 22 மில்லிமீற்றர். சுவீடனில் பிறானமார்க் என்பார் 1950 களில் முயலின் என்பினுள் வைத்த தைத்தேனியம் என்புடன் பிரிக்கவியலாதவாறு ஒன்றிப்போவதைக் கண்டு, 1965 இல் மனிதத் தாடையில் அதனைப் பயன்படுத்தத் தொடங்கினார். துருப்பிடியாமை, தேயாமை, உடல் அதனை வெறுத்தொதுக்காமை என்பனவே இத்தெரிவுகளின் பின் நின்ற நியாயங்கள். கதிரின் முன் அவ்வுலோகம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்னும் வினா அவற்றுள் இடம்பெறவில்லை. இடம்பெறாமையைக் குற்றமென்று கூறுதலும் பொருந்தாது. இன்று நடக்கமுடியாது கிடப்பவருக்கு, இருபது ஆண்டு கழித்து வரலாம், வராமலும் போகலாம் என்னும் நோயைப்பற்றிய கவலை பின்னுக்கே நிற்கும்.

இவ்விடத்து ஒரு விந்தையைக் குறிப்பிடாதிருத்தல் இயலாது. 1951 இல் கனடாவில் முதன்முதலாக நோயாளரின் சிகிச்சைக்குப் பயன்பட்டு, பின்னர் உலகின் வறிய நாடுகள் பலவற்றுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையைக் கொண்டுசென்ற காமாக் கதிர்ப் பொறியின் உள்ளே இருந்ததும் கோபாற்றே. கோபாற்று-60 என்னும் கதிரியக்கச் சமதானி அது, 1.17, 1.33 மில்லியன் இலத்திரன்வோற்றுச் சத்தியுடைய கதிர்களை வெளிவிடுவது. ஆகவே ஒரே மூலகத்தின் ஒரு சமதானி நோயாளியின் இடுப்பினுள்ளும், மற்றொரு சமதானி அவருக்கு மேலே தொங்கும் பொறியினுள்ளும் இருக்க, முன்னது பின்னதின் வழியை மறிக்கும் நிலை பல சிகிச்சை அறைகளில் நேர்ந்திருக்கும்.

மறிப்பு எவ்வளவு என்பதே அடுத்த வினா. இக்காலத்துச் சிகிச்சையில் பெரிதும் பயன்படும் நேர்கோட்டு ஆர்முடுக்கி 6 மில்லியன் வோற்றில் இயங்குகையில் அதிலிருந்து வரும் போட்டன்களின் சராசரிச் சத்தி ஏறத்தாழ 2 மில்லியன் இலத்திரன்வோற்றாகும். இச்சத்தியில் போட்டன்கள் பெரும்பாலும் இலத்திரன்களுடன் மோதிச் சிதறுகின்றன. கொம்ரன் விளைவு எனப்படுவது இதுவே. இம்மோதலுக்கு அணு எத்தகையது என்பது முக்கியமன்று. வழியில் எத்தனை இலத்திரன்கள் உள்ளன என்பதே முக்கியம். ஒரு கிராம் நீரிலும், ஒரு கிராம் இரும்பிலும், ஒரு கிராம் ஈயத்திலும் உள்ள இலத்திரன்களின் தொகை பெரிதும் வேறுபடுவதன்று. இதனால் அச்சத்தியில் நீரின் திணிவு நலிவுக் குணகம் 0.049 ஆகவும், இரும்பினது 0.043 ஆகவும், ஈயத்தினது 0.046 ஆகவும் அமைகின்றன. கிராமுக்குக் கிராம் நோக்கின், நச்சுக்கதிரைத் தடுப்பதற்கென்றே பிறந்ததாகக் கருதப்படும் ஈயம், குடிக்கும் நீரிலும் சிறந்ததன்று என்பது பௌதிகவியல் மாணவரையும் முதன்முறை வியக்கவைக்கும் உண்மையாகும்.

எனவே வேறுபாடெல்லாம் அடர்த்தியிலிருந்தே பிறக்கின்றது. நீரின் அடர்த்தி 1 எனின், தைத்தேனியத்தினது 4.5, உருக்கினது ஏறக்குறைய 8, கோபாற்று-குரோமியக் கலப்புலோகத்தினது அதனினும் சற்று மிகுதி. சாண்லியின் குண்டையே அளவுகோலாகக் கொள்வோமாயின், அதன் விட்டத்தளவு நீரினூடே செல்லும் 100 போட்டன்களுள் ஏறத்தாழ 90 மோதலின்றி வெளியேறும். அத்தடிப்புத் தைத்தேனியமாயின் 66, உருக்காயின் 47. சிதறிய போட்டன்களும் ஓரளவு கதிரளவைச் சேர்ப்பதனால் உடலில் உண்மையான இழப்பு இக்கணக்கிலும் குறைவாகவே இருக்கும். ஆயினும், கட்டிக்குக் கொடுக்கும் கதிரளவு எண்ணியதினின்று நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேல் வழுவலாகாதென 1976 இல் சர்வதேசக் கதிர்வீச்சு அலகுகள், அளவீடுகள் ஆணைக்குழு விதந்துரைத்ததை மனங்கொண்டு பார்க்கையில், இந்நிழலின் கனம் புலனாகும். புரொஸ்டேற் சுரப்பியின் புற்றுநோய்க்கு 20 தவணைகளில் 60 கிரே அளிப்பது இன்று வழக்கிலுள்ள முறைகளுள் ஒன்று. பக்கவாட்டிலிருந்து வரும் கற்றையொன்று உலோக இடுப்பைக் கடந்து அச்சுரப்பியை அடையுமாயின், அக்கற்றையின் பங்கில் மூன்றிலொன்றோ அதனினும் கூடியதோ வழியிலேயே குன்றிவிடும். குன்றிய கதிரைப் பெற்ற கட்டியின் கலங்கள் சில பிழைத்திருக்கும். அவை மீண்டும் வளர்வதை நோயாளி அறிய ஆண்டுகள் செல்லும்.

ஆயினும் இந்நிழல் கணிக்கக்கூடிய நிழல். உலோகம் யாது, தடிப்பு யாது, இடம் யாது என்பன தெரியின் எஞ்சியது கணிதமே. உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. சிகிச்சையைத் திட்டமிடுவோர் நோயாளியின் உடலை நேரிற் காண்பதில்லை. அவர்கள் காண்பது சி.ரி. ஸ்கான் படத்தையே. ஹவுன்ஸ்பீல்ட் 1971 இல் முதல் நோயாளியின் தலையைப் படம்பிடித்து, 1979 இல் கோர்மக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அக்கருவி, உடலின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணைத் தருகின்றது: காற்றுக்கு -1000, நீருக்கு 0. திட்டமிடும் கணினி இவ்வெண்களை அடர்த்தியாக மாற்றி, அவற்றின்மீதே கதிரளவைக் கணிக்கின்றது. படம் பொய்த்தால் கணக்கும் பொய்க்கும்.

உலோகத்தின் முன் அப்படம் பொய்க்கவே செய்கின்றது. படம்பிடிக்கும் கற்றையின் சத்தி சிகிச்சைக் கற்றையினதில் ஏறத்தாழ முப்பதிலொரு பங்கு. சராசரியாக 60 ஆயிரம் இலத்திரன்வோற்று என்று கொள்ளலாம். அச்சத்தியில் உலோகங்களைப் பொறுத்தவரை ஒளிமின் விளைவே மேலோங்கி நிற்கும். அது அணுவெண்ணுடன் மிக விரைவாகப் பெருகுவது. மேற்கூறிய கிராமுக்குக் கிராம் சமத்துவம் இங்கே முற்றாகக் குலைகின்றது. நீரின் குணகம் 0.21 ஆக, இரும்பினது 1.2 ஆகவும் ஈயத்தினது 5 ஆகவும் உயர்கின்றன. சாண்லியின் குண்டளவு நீரினூடே 100 க்கு 63 போட்டன்கள் கடக்கும். தைத்தேனியத்தினூடே 10,000 க்கு 5. உருக்கினூடேயோ இருநூறு கோடிக்கு ஒன்று. சிகிச்சைக் கற்றைக்கு உலோகம் தடித்ததொரு திரை. படப்பிடிப்புக் கற்றைக்கு அது கருங்கற் சுவர். ஊடுருவ வல்ல கற்றையால் பார்ப்பதில்லை, பார்க்கின்ற கற்றையால் ஊடுருவ முடிவதில்லை என்பதே இப்பிரச்சினையின் மையமாகும்.

சுவருக்கு அப்பாலிருந்து செய்தி எதுவும் வாராதபோது கணினி தன்னிடமுள்ள குறைந்த தரவைக்கொண்டு படத்தை நிரப்ப முயல்கின்றது. உலோகத்தைச் சுற்றி வெண்கீற்றுகளும் கருங்கீற்றுகளும் விண்மீனின் கதிர்கள்போலத் தோன்றுகின்றன. கருங்கீற்று விழுந்த இடத்தில் தசை காற்றாகவும், வெண்கீற்று விழுந்த இடத்தில் தசை என்பாகவும் எழுதப்பட்டுவிடும். இரு இடுப்புகளும் மாற்றப்பெற்ற ஒருவரின் படத்தில், இரு உலோகங்களையும் இணைத்துக் குறுக்கே ஓடும் கரும்பட்டை சரியாகப் புரொஸ்டேற் சுரப்பியின் மீதே விழுகின்றது. எதனைக் குறிவைக்க வேண்டுமோ அதன் எல்லையே தெரியாமற்போகின்றது. சுரப்பி எங்கே முடிகின்றது, மலக்குடல் எங்கே தொடங்குகின்றது என்பதை வைத்தியர் அனுபவத்தைக்கொண்டு ஊகிக்க நேரிடுகின்றது. காந்தப் பரிவுப் படத்தின் துணையை நாடலாமெனினும், உலோகத்தின் அயலில் அதுவும் உருத்திரிவது உண்டு.

இதனோடு இன்னொரு குறையும் சேர்கின்றது. வழக்கமான சி.ரி. படத்தின் எண்வரிசை 3071 உடன் முடிவடைகின்றது. 4096 படிகளுக்கு மேல் அது செல்வதில்லை. தைத்தேனியமும் உருக்கும் இரண்டுமே அவ்வுச்சிக்கு மேற்பட்டவையாதலின் இரண்டும் ஒரே எண்ணையே பெறுகின்றன. 4.5 உம் 8 உம் கணினியின் கண்ணுக்கு ஒன்றே. எண்வரிசையை நீட்டிய படங்களும், கீற்றுகளைக் குறைக்கும் கணிப்புமுறைகளும் இன்று பல நிலையங்களில் உள்ளன. அவை கண்ணுக்கு இதமான படத்தைத் தருகின்றன என்பது மெய். ஆயினும் உலோகத்தை ஒட்டிய சில மில்லிமீற்றரில் அவை புதிய பிழைகளைப் புகுத்துவதுமுண்டு என்பதை அறிந்தோர், அழகிய படத்தையும் ஐயத்துடனேயே நோக்குவர்.

ஆதலால் பௌதிகவியலாளர் பழைய முறையொன்றையே இன்றும் கைக்கொள்கின்றார். படத்தில் கீற்று விழுந்த பகுதிகளைக் கையால் வரைந்து, இது நீர் எனக் கொள்க எனக் கணினிக்குக் கட்டளையிடுகின்றார். உலோகம் இருக்கும் இடத்தைத் தனியே வரைந்து அதன் அடர்த்தியைத் தாமே எழுதுகின்றார். இதற்கு அவர் அறியவேண்டியது ஒன்றே: அவ்வுலோகம் யாது? இவ்வெளிய வினாவுக்கு விடை கிடைப்பது எப்பொழுதும் எளிதன்று. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரில் சத்திரசிகிச்சை பெற்ற முதியவர், தமது இடுப்பில் "நல்ல இரும்பு" வைத்திருப்பதாகச் சொல்லக்கூடும். பழைய குறிப்பேடு அழிந்திருக்கும். சிகிச்சை செய்தவர் ஓய்வு பெற்றிருப்பார். பொருத்தியின் பெயரையும் கலப்புலோகத்தையும் பொறித்த சிறு அட்டையொன்றை நோயாளியிடம் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் பரவியமை கதிர்ச்சிகிச்சையை முன்னிட்டு எழுந்ததன்று. எனினும் கோடிக்கணக்கில் விலைபெறும் பொறியொன்றின் கணக்கைச் செம்மைப்படுத்துவதற்கு அவ்வட்டையைப்போல் உதவுவது பிறிதொன்றில்லை எனத் துணிந்து கூறலாம்.

நிழலைத் தவிர உலோகத்தின் விளிம்பிலும் ஒரு விளைவு நிகழ்கின்றது. கற்றை உலோகத்தில் நுழையும் முகத்தில், உலோகத்திலிருந்து பின்னோக்கித் தெறிக்கும் இலத்திரன்கள் முன்னுள்ள சில மில்லிமீற்றர் இழையத்தில் கதிரளவைக் கூட்டிவிடுகின்றன. அணுவெண் உயர உயர இது பெருகும். பல்லில் அடைத்த உலோகமோ பொன் மூடியோ உடையவருக்கு வாய்ப்புற்றுநோய்ச் சிகிச்சை நடைபெறுகையில், அவ்வுலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் கன்னத்தின் உட்புறமும் நாவின் விளிம்பும் ஏனைய இடங்களிலும் கடுமையாகப் புண்ணாவது இதனாலேயே. பரிகாரமோ மிக எளிது: பல்லுக்கும் கன்னத்துக்குமிடையே சில மில்லிமீற்றர் தடித்த மெழுகையோ பற்காப்பையோ வைத்தால், தெறித்த இலத்திரன்கள் அதிலேயே அடங்கிவிடும். பேராற்றல் வாய்ந்த பொறியின் தீங்கொன்றை மெழுகுத் துண்டு தடுக்கின்றதென்பதில் ஒருவித ஆறுதல் இல்லாமலில்லை.

இடுப்பு உலோகத்துக்கு மெழுகு உதவாது. உலோகத்தினூடே செல்லும் கற்றைகளை இயன்றவரை தவிர்ப்பதே 2003 ஆம் ஆண்டு அறிக்கையும் அதன் பின் வந்தோரும் விரும்பிய வழி. உடலைச் சுற்றிச் சுழன்று கதிர்வீசும் பொறியை, இடுப்புகளுக்கு நேரே வரும்போது மட்டும் அணைந்திருக்கச் செய்யலாம். ஆனால் பக்கவாட்டில் மூடப்பட்ட வாயிலின் பாரம் முன்னும் பின்னுமுள்ள வாயில்கள்மீது விழும். முன்னே சிறுநீர்ப்பை, பின்னே மலக்குடல். உலோகமற்ற ஒருவர் பெறுவதிலும் சற்றுக் கூடிய கதிரை அவ்வுறுப்புகள் ஏற்க வேண்டிவரும். எத்துணை ஏற்கலாம் என்பது அவ்வந் நோயாளியைப் பொறுத்தே முடிவுசெய்யப்பட வேண்டியது. மொன்ரே கார்லோ முறையில் இலட்சக்கணக்கான போட்டன்களின் பயணத்தை ஒவ்வொன்றாகக் கணிக்கும் வசதி பெருகியபின், உலோகத்தினூடே செல்லும் கற்றையையும் ஓரளவு நம்பிக்கையுடன் பயன்படுத்துவோர் உளர். எனினும் அக்கணிப்பும் மேற்கூறிய படத்தின் மீதே நடைபெறுவதென்பது மறக்கற்பாலதன்று.

இதுகாறும் கூறியவற்றினும் கடுமையான நிலை முள்ளந்தண்டில் எழுகின்றது. அங்கே கட்டியை அகற்றிய சத்திரசிகிச்சையாளர், தளர்ந்த முள்ளென்புகளை நிலைநிறுத்தத் தைத்தேனியக் கோல்களையும் திருகாணிகளையும் பொருத்துகின்றார். அவை இல்லையேல் நோயாளி நிமிர்ந்திருப்பதே அரிது. கதிர் அளிக்கவேண்டிய எஞ்சிய கட்டியோ அத்திருகாணிகளுக்கிடையிலேயே உள்ளது. அதற்குச் சில மில்லிமீற்றர் அப்பால் முண்ணாண் உள்ளது. வழமையான தவணைகளில் முண்ணாண் தாங்குவது 45 முதல் 50 கிரே வரையே. கோர்டோமா என்னும் அரிய கட்டியை அடக்குவதற்கோ 70 கிரேக்கு மேல் வேண்டும். இத்தகைய இடங்களுக்கென்றே புரோத்தன் கற்றை விரும்பப்படுகின்றது. புரோத்தன்கள் தம் சத்தியின் பெரும்பகுதியைப் பயணத்தின் முடிவிலேயே சொரிந்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவதால், குறித்த ஆழத்துக்கு அப்பாலுள்ள இழையம் காக்கப்படும். ஆனால் எங்கே நிற்பதென்பது வழியிலுள்ள பொருளைப் பொறுத்தது. 5 மில்லிமீற்றர் தைத்தேனியம் ஏறக்குறைய 16 மில்லிமீற்றர் நீருக்குச் சமமாகப் புரோத்தனின் வேகத்தைக் குறைக்கின்றது. போட்டன் கற்றையில் உலோகம் பற்றிய தவறு கதிரளவைச் சற்றுக் கூட்டும் அல்லது குறைக்கும். புரோத்தன் கற்றையில் அத்தவறு கதிர் சென்றடையும் இடத்தையே மாற்றிவிடும்.

சுவிற்சலாந்தின் வில்லிகன் என்னுமிடத்திலுள்ள போல் ஷெரர் நிலையத்தில் முள்ளந்தண்டுக் கோர்டோமாவுக்குப் புரோத்தன் சிகிச்சை பெற்ற 40 நோயாளரைப் பற்றிய ஆய்வொன்று 2011 இல் வெளிவந்தது. அவர்களுள் 21 பேரின் உடலில் உலோகம் இல்லை. 19 பேருக்குத் தைத்தேனியம் பொருத்தப்பட்டிருந்தது. ஐந்தாண்டு முடிவில் கட்டி அதே இடத்தில் மீண்டும் வளராதிருந்தோரின் மதிப்பிட்ட விகிதம் முன்னவருள் 100 வீதம். பின்னவருள் 30 வீதம். புற்றுநோய் ஆய்வுகளில் இத்துணைப் பெரிய இடைவெளியைக் காண்பது அரிது.

இவ்வெண்களைக் கண்டவுடன் தைத்தேனியமே குற்றவாளியெனத் தீர்ப்பளித்துவிடுதல் எளிது. அவ்வாறு செய்தல் முறையன்று. உலோகம் கணக்கைக் குலைத்ததனால் கட்டியின் ஒரு பகுதிக்குக் கதிர் போதாமற் போயிருக்கலாம். கீற்றுகள் மறைத்தமையால் எஞ்சிய கட்டியின் ஓரம் எல்லைக்கு வெளியே விடுபட்டிருக்கலாம். இவ்விரண்டும் உலோகத்தின் பழி. ஆயின் முள்ளந்தண்டை நிலைநிறுத்தவேண்டிய அளவுக்கு என்பை அழித்த கட்டி, தொடக்கத்திலேயே பெரியதும் பொல்லாததுமாய் இருந்திருக்கும் என்பதும் அதேயளவு இயல்பானது. அவ்வாறாயின் உலோகம் நோயின் கடுமைக்கு அடையாளமேயன்றிக் காரணமன்று. 40 பேரைக்கொண்டு இவற்றைப் பிரித்தறிதல் இயலாது. பிரித்தறியும்பொருட்டு ஒரு சாராருக்குச் சீட்டுப்போட்டு உலோகத்தை மறுப்பதும் எவருக்கும் ஒப்பாது; கோலின்றி நிற்கமுடியாதவருக்குக் கோல் வேண்டியதே.

ஆயினும் அவ்வாய்வு ஒரு பழக்கத்தை அசைத்தது. சத்திரசிகிச்சை முடிந்து, புண் ஆறி, நோயாளி கதிர்ப்பகுதியின் வாயிலுக்கு வந்தபின்னரே உள்ளே இருப்பது யாதென அறியும் பழைய ஒழுங்கு போதாதென்பது உணரப்பட்டது. திருகாணி எந்த முள்ளென்பில், எத்தனை, எந்தப் பக்கத்தில் என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே இரு சாராரும் ஒருங்கிருந்து பேசினால், கற்றை நுழைவதற்கு உலோகமற்ற ஒரு பக்கத்தையேனும் விட்டுவைக்கலாம். வலுவான நியாயமின்றிப் பொருத்தப்படும் ஒரு குறுக்குச் சட்டத்தைத் தவிர்ப்பதும் அத்தகையதே.

பிறிதொரு வழி, உலோகத்தையே கைவிடுவது. காபன் இழைகளால் வலுவூட்டப்பெற்ற பல்பகுதியத்தாலான கோல்களும் திருகாணிகளும் இப்பொழுது முள்ளந்தண்டுக் கட்டிகளுக்குப் பயன்படுகின்றன. காபனின் அணுவெண் 6. உடலின் இழையத்தினின்று அது அதிகம் விலகி நிற்பதன்று. அவற்றைச் சுற்றிக் கீற்றுகள் எழுவதில்லை. முண்ணாணின் எல்லை தெளிவாகத் தெரிகின்றது. புரோத்தனும் பெரிதும் வழிதவறுவதில்லை. ஆனால் சத்திரசிகிச்சையாளருக்கு இதனால் ஒரு சங்கடம் நேர்ந்தது. திருகாணி சரியான இடத்தில் இறங்குகின்றதா என்பதை அவர் சத்திரசிகிச்சை மேசையருகே எக்ஸ் கதிர்த் திரையில் பார்த்தே அறிபவர். காபன் திருகாணியோ அத்திரையில் தெரிவதில்லை. ஆகவே அது தெரியும்பொருட்டு அதனுள் தந்தாலம் என்னும் உலோகத்தின் சிறு துணுக்குகளைப் பதித்துச் செய்கின்றனர். தந்தாலத்தின் அணுவெண் 73. துணுக்கு மிகச் சிறிதாதலின் கதிர்ச்சிகிச்சைக்குப் பெருந்தடையில்லை. எனினும் திட்டமிடும் பௌதிகவியலாளர் படத்தில் அவ்வெண்புள்ளிகளைத் தேடிக் கண்டு, ஒவ்வொன்றையும் சுற்றிக் கையால் வரைந்து, அடர்த்தியை எழுதிக்கொண்டுதானிருக்கின்றார்.